ஐந்தரைக்குள் அமர்வு முடிய வேண்டும்: கதையின் ஓட்டத்தை எப்படிப் பிடித்து வைக்கிறீர்கள்?

குளக்கட்டு (கிளிநொச்சி)

அனைவருக்கும் வணக்கம். கிளிநொச்சியில் ஒரு சனசமூக நிலையத்தின் பின்னறையில் சனிக்கிழமைகளில் மேசைக் கதையாட்டம் நடத்தி வருகிறேன்: நடத்துநர் கதையை விவரிப்பார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிப் பகடை உருட்டி விளையாடுவார்கள். விளையாடுபவர்கள் ஐந்து பேர். இரண்டு தம்பிமார் அறிவியல் நகரில் படிக்கிறார்கள், ஒருவர் வங்கி வேலை, ஒரு அண்ணன் விசுவமடுவில் வயல் செய்கிறார், ஒரு தங்கை புதுக்குடியிருப்பிலிருந்து பஸ் ஏறி வருகிறார். ஒன்றரைக்குப் பகடையை எடுத்தால் ஐந்தரைக்கு வைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு இருட்டில் பரந்தன் சந்தியில் நின்று பஸ்ஸுக்குக் காத்திரு என்று அந்தத் தங்கையிடம் சொல்ல முடியாது.

விதிமுறை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு. உலகம் எங்களுடையது. வன்னி மன்னன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த 1803 ஓகஸ்ட் மாதத்துக்கும், கற்சிலைமடுவில் கப்டன் டிரிபேர்க்கின் பிரித்தானியப் படையிடம் தோற்ற ஒக்டோபர் 31க்கும் இடைப்பட்ட நாட்கள். காட்டில் பேய் உண்டு, மந்திரம் உண்டு. ஆனால் வரலாறு வரலாறாகவே நடக்கும் என்று முதல் நாளே எல்லோரும் பேசி ஒப்புக்கொண்டோம்.

என் கேள்வி நேரத்தைப் பற்றியது. சென்ற அமர்வில் காட்டுப்பாதையில் ஐந்து ஒற்றர்களுடன் சண்டை. விதிப்படி ஒரு சுற்று என்பது ஆறு செக்கன். மேசையில் இரு பக்கமும் சேர்த்துப் பத்துப் பேரின் முறை வர வேண்டும். ஒருவருக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தாலும் ஒரு சுற்று இருபது நிமிடம். நான்கு சுற்றுப் போனது. கதையில் இருபத்துநான்கு செக்கன். எங்களுக்கு எண்பது நிமிடம். ஒற்றர்களிடம் கிடைத்த ஓலையை வாசித்து அடுத்து என்ன செய்வது என்று பேசத் தொடங்கும்போது மணி ஐந்து. அந்தப் பேச்சுத்தான் எல்லோருக்கும் பிடித்தமானது, அதற்குத்தான் நேரம் இல்லாமல் போகிறது.

எதை இழுப்பது, எதை வெட்டுவது என்று நீங்கள் எப்படித் தீர்மானிக்கிறீர்கள்? பொதுவான அறிவுரையைவிட உங்கள் மேசையில் நடந்ததைச் சொன்னால் அதிகம் உதவும்.

முதிரைமரம் (வவுனியா)

தம்பி, கணக்கு நன்றாகப் போட்டிருக்கிறீர்கள். அதைக் கொண்டே தொடங்கலாம்.

நான் ஒவ்வொரு காட்சியிலும் ஒரு கேள்வியை மனதில் வைத்திருப்பேன். அந்தக் கேள்விக்கு விடை கிடைத்ததும் காட்சி முடிந்தது. மீதி எவ்வளவு இருந்தாலும் அங்கே நிற்க மாட்டேன். உங்கள் சண்டையில் கேள்வி என்ன? ஒற்றர்கள் சாவார்களா என்பது இல்லை. ஓலை முல்லைத்தீவுக்குப் போய்ச் சேருமா என்பதுதான். இரண்டாம் சுற்று முடிவில் ஐந்து பேரில் எத்தனை பேர் நின்றார்கள்? இரண்டு பேர் என்றால் அந்த இரண்டு பேரும் ஏன் கடைசி மூச்சு வரை வாள் வீசுகிறார்கள்? கூலிக்கு வந்தவன் ஓடுவான். ஓலையைப் பற்றைக்குள் வீசிவிட்டுக் கைகளை உயர்த்துவான். அல்லது ஒருவன் உங்கள் ஆட்களை மறிக்க, மற்றவன் ஓலையோடு ஓடுவான். அப்போது சண்டை முடிந்து துரத்தல் தொடங்கிவிடுகிறது. அடுத்த நாற்பது நிமிடம் மிச்சம்.

இது புதிய யோசனையே இல்லை. 1974இல் கைகாக்ஸும் ஆர்னெசனும் வெளியிட்ட அந்த ஆட்டத்தின் 1981 தொடக்கநிலைப் பெட்டியில் ஒவ்வொரு எதிரிக்கும் மன உறுதிக்கு ஓர் எண் உண்டு, 2 முதல் 12 வரை. ஒரு பக்கத்தில் முதல் ஆள் விழும்போதும், பாதி ஆட்கள் விழும்போதும் இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்ட வேண்டும். விழுந்த கூட்டுத்தொகை அந்த எண்ணைவிடக் கூடினால் எதிரி பின்வாங்குவான் அல்லது சரணடைவான். ஐந்தாம் பதிப்பு ஆட்டத்துக்குள் அதை அப்படியே தூக்கி வைக்கலாம், எதுவும் உடையாது.

கைவேலையும் சில உண்டு. எதிரியின் அடிக்குப் பகடை உருட்ட வேண்டாம். ஐந்தாம் பதிப்பு ஒவ்வொரு எதிரிக்கும் சராசரி அடியை அச்சிட்டே தந்திருக்கிறது. சாதாரண கொப்ளின் என்ற குட்டிப் பூதம் ஒன்றின் வாள்வீச்சு 5 என்று போட்டிருக்கும், அதையே வாசியுங்கள். விளையாடுபவர்கள் தாக்கும் பகடையையும் அடிப் பகடையையும் ஒன்றாக உருட்டட்டும். ஒருவர் முறை தொடங்கும்போதே "அடுத்தது நீங்கள்" என்று அடுத்தவருக்குச் சொல்லுங்கள். இந்த மூன்றையும் செய்தால் இரண்டு நிமிடம் ஒரு நிமிடமாகிவிடும். ஆனால் முதலில் சொன்னது இல்லாமல் இவற்றை மட்டும் செய்தால், யாருக்கும் தேவையில்லாத ஒரு சண்டை சற்று விரைவாக நடந்து முடியும், அவ்வளவுதான்.

ஆறாம்பகடை (வவுனியா)

நான் நடத்துவதில்லை, விளையாடுபவன் மட்டும். மேசையின் மற்றப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல விரும்புகிறேன்.

நீண்ட சண்டையில் எனக்குச் சலிப்பு வந்ததில்லை. முறை வரும் என்று தெரியும், வந்தால் என்ன செய்யலாம் என்றும் தெரியும். சலிப்பு வருவது வேறிடத்தில். ஒரு சந்தைக்கு வருகிறோம். நடத்துநர் சந்தையை அழகாக விவரிக்கிறார். பிறகு "என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருக்கிறார். அவர் மனதில் ஒரு மீன் வியாபாரி இருக்கிறார். அவரிடம் போய்க் கேட்டால்தான் கதை நகரும். எங்களுக்கு அது தெரியாது. கொல்லனிடம் போகிறோம், கோயிலுக்குப் போகிறோம், துணிக்கடைக்காரரிடம் அரைமணி நேரம் பேரம் பேசுகிறோம். எல்லோரும் ஏதோ செய்துகொண்டுதான் இருக்கிறோம், ஆனால் எதற்கு என்று யாருக்கும் தெரியாது. ஒரு பிற்பகல் முழுவதும் அப்படிப் போயிருக்கிறது.

நடத்துபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: வெளிப்படையாகச் சொல்லுங்கள். "இங்கே உங்களுக்குத் தெரிய வேண்டிய ஆள் ஒருவர் இருக்கிறார், மீன்கடைப் பக்கம் உங்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்" என்று சொன்னால் எங்கள் சுதந்திரம் ஒன்றும் கெட்டுப்போகாது. அவரோடு என்ன பேசுவது, அவரை நம்புவதா விடுவதா என்பது இன்னும் எங்கள் கையில்தான் இருக்கிறது.

துப்புகளும் அப்படித்தான். அறையில் ஒரு கடிதம் ஒளிந்திருக்கிறது, 15க்கு மேல் உருட்டினால்தான் கிடைக்கும் என்று வைக்கிறார்கள். ஐந்து பேரும் உருட்டித் தோற்றால்? கதை அந்த அறையிலேயே நிற்கிறது. கதைக்குக் கட்டாயம் வேண்டிய துப்புக்குப் பகடையே கேட்காத துப்பறியும் ஆட்டங்கள் இருக்கின்றன. சரியான இடத்தில் தேடினால் கிடைக்கும். பகடை உருட்டுவது கூடுதலாக என்ன தெரிகிறது என்பதற்கு.

நெய்தல்கரை (முல்லைத்தீவு)

முதிரைமரம் அண்ணாவின் கருத்தை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் அதை அப்படியே பின்பற்றினால் ஓர் ஆபத்து உண்டு. கேள்விக்கு விடை வந்துவிட்டது, எழும்பு, அடுத்தது, அடுத்தது என்று போனால் பாத்திரங்கள் மூச்சு விடும் இடமே இருக்காது. என் மேசையில் எல்லோரும் மாதக்கணக்காக நினைவில் வைத்திருந்த காட்சியில் எந்தக் கேள்வியும் இருக்கவில்லை. நந்திக்கடலோரம் ஒரு மீனவர் வாடியில் மழைக்கு ஒதுங்கியிருந்தார்கள். சண்டை முந்தைய நாளே முடிந்துவிட்டது. ஒருவர் தன் பாத்திரம் வலை பின்னுவதாகச் சொன்னார். இன்னொருவர், தன் பாத்திரத்துக்கு அது தெரியாது, பழகித் தரச் சொல்லிக் கேட்பதாகச் சொன்னார். அங்கிருந்து இருவரும் தங்கள் ஊர்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் எழும்பிப் போய்ப் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அரைமணித்தியாலம் போயிருக்கும். பேச்சு தானாகத் தணிந்து, ஒருவர் என் முகத்தைப் பார்த்தபோது "மழை விட்டுவிட்டது" என்றேன்.

எப்போது வெட்டுவது என்பதற்கு நான் பார்ப்பது அந்தப் பார்வையை. விளையாடுபவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசும் வரை நான் தலையிட மாட்டேன். என் பக்கம் திரும்பினால், அவர்களிடம் இருந்தது தீர்ந்துவிட்டது என்று பொருள். உடனே ஏதாவது நடக்க வேண்டும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். நம் மேசைகளில் அமர்ந்திருப்பவர்கள் இந்த மண்ணின் பிள்ளைகள். கதையில் ஓர் ஊர் இடம்பெயர்கிறது, தெரு நிறைய மாட்டுவண்டிகள், மூட்டைகள் என்று நீங்கள் விவரிக்கத் தொடங்கினால், அது யாருக்கு எதை நினைவூட்டும் என்று முன்கூட்டித் தெரியாது. வேறு ஊரில் ஒரு நடத்துநர் அந்தக் காட்சியை அழுத்தம் கொடுத்து மெதுவாக நடத்தலாம். இங்கே நான் முதலில் கேட்பேன்: இந்தக் காட்சியை நேரில் நடத்தவா, அல்லது "மக்கள் போய்ச் சேர்ந்தார்கள்" என்று ஒரு வரியில் கடக்கவா? ஜோன் ஸ்டவ்ரோபொலஸ் என்ற ஆட்ட வடிவமைப்பாளர் பரப்பிய எக்ஸ் அட்டையும் மேசை நடுவில் இருக்கும். யார் தொட்டாலும் காரணம் கேட்காமல் அந்த இடத்திலேயே காட்சி மாறும். அப்படி மாறும்போது தயங்கக் கூடாது, விளக்கம் சொல்லக் கூடாது. அடுத்த காட்சியின் முதல் வரி நடத்துநரின் நாக்கு நுனியில் தயாராக இருக்க வேண்டும். நேரத்தை நடத்துவதில் இதைவிட முக்கியமான திறமை எனக்குத் தெரியாது.

உடுக்கொலி (முள்ளியவளை)

இந்த ஆட்டம் எனக்குப் புதிது, மகன் வழியாகத்தான் தெரியும். இரண்டு முறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கூத்துக் குடும்பம் என்பதால் எழுதத் தோன்றுகிறது, பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காத்தவராயன் கூத்தில் அவன் கடைசியில் கழுவேறப் போகிறான் என்பது பாயில் இருக்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் விடியும் வரை இருக்கிறார்கள். குளக்கட்டுத் தம்பியின் கதையும் அப்படித்தான் இருக்கிறது. ஒக்டோபர் 31 என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அது கதைக்குப் பலம். என்ன நடக்கும் என்று மறைத்து வைப்பதற்காக நேரத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை. அதுவரை யார் யாரைச் சந்திக்கிறார்கள், யார் எதை விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதுதான் இரவு முழுவதும் நடப்பது.

கூத்தை நடத்தும் அண்ணாவியார் மத்தளத்துக்குப் பக்கத்தில் நின்று சனத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். படுத்திருந்தவர்கள் எழும்பி உட்கார்ந்தால் அந்தப் பாட்டை இன்னொரு முறை இழுக்க விடுவார். பிள்ளைகள் தூங்கி, பெரியவர்கள் வெற்றிலைத் தட்டத்தைத் தேடத் தொடங்கினால் பிற்பாட்டுக்காரருக்குக் கண்ணைக் காட்டுவார். இரண்டு அடி குறையும், அடுத்த ஆளின் வரவு வந்துவிடும். வரவுப் பாட்டிலேயே வருகிறவர் யார், எப்படிப்பட்டவர், எதற்கு வருகிறார் என்று சொல்லி முடித்துவிடுவார். சனம் யோசித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

மகனின் ஆட்டத்தில் புதிதாக ஓர் ஆள் வந்தால் அவர் யார் என்று கண்டுபிடிக்கவே கால்மணி நேரம் போகிறது. ஆறாம்பகடைத் தம்பி சொல்லும் மீன் வியாபாரிக்கு ஒரு வரவு கொடுத்திருந்தால் போதும். "கையில் இரத்தம் காயாத கத்தியோடு ஒருவர் உங்களை நோக்கி வருகிறார். என் மகனைப் பார்த்தீர்களா என்று கேட்கிறார்." யாரும் துணிக்கடைக்குப் போக மாட்டார்கள்.

முதிரைமரம் (வவுனியா)

உடுக்கொலி ஐயா, வரவு பற்றிச் சொன்னதை இன்றே என் கொப்பியில் எழுதிக்கொண்டேன். ஆனால் ஓரிடத்தில் வேறுபடுகிறேன். கூத்துப் பார்ப்பவர் காத்தானின் கையைப் பிடித்து நிறுத்த முடியாது. எங்கள் மேசையில் இருப்பவர்கள் பார்வையாளர்கள் இல்லை, தீர்மானிப்பவர்கள். ஆகவே அவர்கள் முகத்தைப் பார்த்து நான் மட்டும் ஓட்டத்தைக் கூட்டிக் குறைத்தால் போதாது; எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை அவர்களும் பார்க்க வேண்டும். பார்த்தால் அவர்களே வேகத்தை எடுத்துக்கொள்வார்கள்.

அந்த 1981 பெட்டியில் இதற்கும் வழி இருக்கிறது. நிலவறைக்குள் நேரம் பத்து நிமிடத் துண்டுகளாக ஓடும். ஒரு தீப்பந்தம் ஆறு துண்டுக்கு எரியும். இரண்டு துண்டுக்கு ஒருமுறை நடத்துநர் ஆறுமுகப் பகடையை உருட்டுவார். 1 விழுந்தால் இருட்டில் ஏதோ ஒன்று வருகிறது. இன்னும் ஒரு சுவரைத் தட்டிப் பார்ப்போமா என்று விவாதிப்பவர்களுக்கு அந்த விவாதத்தின் விலை தெரியும்.

2017இல் வெளிவந்த பிளேட்ஸ் இன் த டார்க் என்ற ஆட்டம் இதையே வட்டங்களாகக் காட்டுகிறது. ஒரு வட்டத்தை 4, 6 அல்லது 8 பங்காகப் பிரித்து மேசையில் வைப்பார்கள். ஆபத்து நெருங்க நெருங்க ஒவ்வொரு பங்காக நிறம் தீட்டுவார்கள். நிறைந்தால் அது நடந்துவிடும். குளக்கட்டுத் தம்பி, அடுத்த அமர்வில் இதை ஒருமுறை முயன்று பாருங்கள். திரைக்குப் பின்னால் வைக்காதீர்கள். எல்லோர் கண்ணும் படும் இடத்தில் வையுங்கள்.

நெய்தல்கரை சொன்ன வாடிக் காட்சியோடு எனக்குச் சண்டை இல்லை. அது சண்டைக்கு அடுத்த நாள் வந்தது என்பதைக் கவனியுங்கள். இறுக்கத்துக்குப் பின் வரும் தளர்வு எவ்வளவு நீண்டாலும் தாங்கும். அமர்வின் முதல் அரைமணி நேரத்தில் அதே காட்சியை வைத்திருந்தால் இரண்டு பேர் கைத்தொலைபேசியை எடுத்திருப்பார்கள்.

நெய்தல்கரை (முல்லைத்தீவு)

அது சரி. நான் எப்போதும் ஏதாவது நடந்துகொண்டிருக்கும்போதே தொடங்குவேன். "கதவு உடைகிறது, உள்ளே யார் யார் இருக்கிறீர்கள்?" அதற்குப் பிறகுதான் பிளேன்ரீ எல்லாம்.

பாலைப்பழம் (மாங்குளம்)

தொடக்கம் பற்றியும் நடு பற்றியும் பேசுகிறீர்கள். என் தலைவலி முடிவு. பதைபதைக்கும் இடத்தில் நிறுத்தினால்தான் அடுத்த கிழமை ஓடி வருவார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். காலபோக அறுவடை தொடங்கினால் என் மேசையில் பாதிப்பேர் வர மாட்டார்கள். உயர்தரப் பரீட்சை வந்தால் மற்றப் பாதியும் இல்லை. கத்தி கழுத்தில் நிற்க நிறுத்திவிட்டு, கழுத்துக்குரியவர் ஒரு மாதம் வரவில்லை என்றால் என்ன செய்வது?

ஆகவே நான் ஒரே விதியை வைத்திருக்கிறேன். ஒவ்வோர் அமர்வும் எல்லோரும் ஊருக்குத் திரும்பி வந்து சேர்வதோடு முடிய வேண்டும். காட்டுக்குள் எவ்வளவு தூரம் போவது என்பதை அதற்கேற்பத் தீர்மானிப்பது அவர்கள் பொறுப்பு. முடிவுக்கு ஒரு மணித்தியாலம் இருக்கும்போது "இப்போது திரும்பினால் பொழுது படுவதற்குள் ஊர் சேரலாம்" என்று சொல்லிவிடுவேன். அடுத்த முறை யார் வருகிறார்களோ அவர்கள் போவார்கள். வராதவர் ஊரில் வயல் பார்த்துக்கொண்டிருக்கிறார். நம் பக்கத்துக்கு இது நன்றாகப் பொருந்துகிறது.

ஆறாம்பகடை (வவுனியா)

பாலைப்பழம் அண்ணா, அந்த ஒரு மணித்தியால அறிவிப்பு மிகவும் நல்லது. நேரத்தை நடத்துநர் மட்டும் மனதில் வைத்துக்கொண்டு தவிப்பதைவிட எங்களுக்கும் சொன்னால் நாங்களே ஒதுக்கிக்கொள்வோம்.

குளக்கட்டு (கிளிநொச்சி)

எல்லோருக்கும் நன்றி. சொன்னவற்றில் பலவற்றை இந்தச் சனிக்கிழமை மேசையில் வைத்துப் பார்த்தேன். என்ன நடந்தது என்று கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஒட்டுசுட்டானுக்கு அப்பால் ஒரு சிறு குளம், கற்பனைக் குளம். மாரி முந்திவிட்டது. முதல் வரி: "குளக்கட்டில் நிற்கிறீர்கள், கால் விரல்களைத் தண்ணீர் நனைக்கிறது." பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் இரண்டு வட்டம் வரைந்து மேசை நடுவில் வைத்தேன். ஆறு பங்கு வட்டம் தண்ணீர். நான்கு பங்கு வட்டம் காட்டுப்பாதையில் வரும் படையின் விளக்குகள். அரைமணித்தியாலத்துக்கு ஒருமுறை, அல்லது யாராவது உருட்டித் தோற்றால், ஒரு பங்கைப் பென்சிலால் தீட்டுவேன் என்று சொன்னேன்.

குளத்தில் நீர்ப்பிசாசு ஒன்று இருந்தது. அதனோடு நடந்த சண்டையின் கேள்வி, வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் மதகான துருசுக்குப் போகும் வழியை அது விடுமா என்பது. இரண்டாம் சுற்றில் நன்றாக அடி வாங்கியதும் மன உறுதிக்கு உருட்டினேன். 9 விழுந்தது, அதன் எண் 7. தண்ணீருக்குள் மறைந்துவிட்டது. சண்டைக்கு மொத்தம் அரைமணி நேரம்கூட எடுக்கவில்லை. அறிவியல் நகர்த் தம்பி ஒருவருக்கு அதைக் கொல்லவில்லையே என்று கொஞ்சம் மனக்குறை. "அது இன்னும் உள்ளேதான் இருக்கிறது" என்றேன். பிறகு குளத்தருகே போகும்போதெல்லாம் அவர் முதலில் தண்ணீரைத்தான் பார்த்தார்.

எனக்கு மறக்க முடியாதது அடுத்து நடந்தது. துருசைத் திறந்தால் போதும் என்று நான் எழுதி வைத்திருந்தேன். விசுவமடு அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. என் கையிலிருந்த பென்சிலை வாங்கி, கலண்டர்த் தாளின் ஓரத்தில் குளக்கட்டை வரைந்தார். துருசால் போகும் தண்ணீர் வாய்க்காலுக்கு அளவானது, இந்த வெள்ளத்துக்கு அது காணாது என்றார். வெள்ளம் வெளியேறும் வழி வான். அதில் மரங்களும் சருகும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் கட்டுக்கு மேலால் வழியும். மண்கட்டு மேலால் வழியத் தொடங்கினால் வெளிச்சரிவு அரிக்கும், அரித்தால் உடைவது நேரக் கணக்குத்தான். ஆகவே வானைத் துப்புரவாக்க வேண்டும். முடியாவிட்டால் கட்டின் தொங்கலில், இறுகிய தரை இருக்கும் பக்கமாக வெட்டிவிட வேண்டும். நடுவில் கைவைத்தால் ஊரே போய்விடும்.

இங்கே நான் பகடையைத் தொடவில்லை. நெய்தல்கரை அக்கா சொன்னது நினைவில் இருந்தது: அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். வான் அடைத்திருக்கிறது, இருட்டில் அங்கே போக முடியாது, பிசாசு வேறு. அப்படியென்றால் தொங்கலில் வெட்ட வேண்டும். வெட்டினால் யாருடைய வயல் போகும்? அந்தப் பக்கம் புதுக்குடியிருப்புத் தங்கையின் பாத்திரத்துடைய பெரியம்மாவின் வயல் என்று இரண்டு அமர்வுக்கு முன் அவரே சொல்லியிருந்தார். நான் மறந்துவிடவில்லை, மற்றவர்களும் மறக்கவில்லை. இருபத்தைந்து நிமிடம் பேசினார்கள். அதற்கிடையில் தண்ணீர் வட்டத்தில் ஐந்தாம் பங்கைத் தீட்டினேன். பென்சில் தாளில் உரசும் சத்தம் கேட்டு எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். தங்கை மண்வெட்டி யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். தன் பாத்திரமே முதல் வெட்டு வெட்டும் என்றார்.

அப்போது மணி ஐந்து பத்து. படையின் வட்டத்தில் மூன்று பங்கு தீட்டியிருந்தது, ஒன்று மீதி. அதைத் தீட்டி விளக்குகள் தெரிகின்றன என்று நிறுத்தலாமா, பாலைப்பழம் அண்ணா சொன்னபடி ஊருக்குத் திருப்பி அனுப்பி முடிக்கலாமா என்று யோசித்தேன். ஊருக்கே அனுப்பினேன். வெட்டிய வாய் வழியாக வெள்ளம் வயலுக்குள் இறங்குகிறது, கட்டு நிற்கிறது, விடிகிறது. மூன்று பங்கு தீட்டிய வட்டம் அப்படியே அடுத்த அமர்வுக்கு வரும்.

நெய்தல்கரை (முல்லைத்தீவு)

மிக அழகான அமர்வு. ஒன்று கேட்கிறேன். அந்தத் தங்கை அவ்வளவு பெரிய முடிவை எடுத்த பிறகு அதைப் பற்றிப் பேச நேரம் கிடைத்ததா? முடிவெடுத்தவுடன் விடியல், வீடு என்று போனால் அந்தக் கனம் அவரோடு பஸ்ஸில் போய்விடும்.

குளக்கட்டு (கிளிநொச்சி)

பத்து நிமிடம் கிடைத்தது, அக்கா. பகடைகளைப் பையில் போட்டுக்கொண்டே ஒவ்வொருவரிடமும் அவர்கள் பாத்திரம் அந்தக் காலையில் எங்கே நிற்கிறது என்று கேட்டேன். தங்கை, பெரியம்மாவின் வாசலில் என்றார். கதவைத் தட்டுகிறதா என்று கேட்டேன். அதை அடுத்த கிழமை சொல்கிறேன் என்றார். அடுத்த அமர்வின் முதல் காட்சி அந்த வாசல்தான். சண்டையோடு தொடங்கப் போவதில்லை.

முதிரைமரம் (வவுனியா)

அந்த வாசலே போதும், கதவு உடைய வேண்டியதில்லை. பெரியம்மா கதவைத் திறக்கும்போது என்ன சொல்கிறார் என்ற ஒரு வரியை மட்டும் தயாராக வைத்திருங்கள்.

கற்சிலைமடு அமர்வைப் பற்றி இப்போதே யோசித்துவிடுங்கள். போர் முழுவதையும் சுற்றுச் சுற்றாக ஆடினால் ஒரு நாள் போதாது, யார் வெல்வார்கள் என்பதும் தெரிந்ததே. கேள்வியை வேறிடத்தில் வையுங்கள். யாரைக் காப்பாற்றி வெளியே கொண்டுபோவது? எந்த ஊருக்குச் செய்தி அனுப்புவது? எட்டுப் பங்கு வட்டம் ஒன்று வையுங்கள், அது நிறைந்தால் களம் விழுந்துவிட்டது. ஒவ்வொரு பங்கு தீட்டும்போதும் போரில் என்ன நடக்கிறது என்று மூன்று வரிக்கு மேல் சொல்லாதீர்கள். மீதி நேரம் முழுவதும் ஐந்து பேரும் என்ன செய்கிறார்கள் என்பதற்கு. ஐந்து பேருக்கு மேல் சேர்க்கவும் வேண்டாம்.

ஆறாம்பகடை (வவுனியா)

அந்தக் கடைசி வரியை வாசிப்பதற்கு முன்பே கேட்க நினைத்திருந்தேன். கற்சிலைமடு அமர்வுக்கு எனக்கும் ஓர் இடம் கிடைக்குமா? ஓர் ஆள் கூடினால் சுற்று நீளும் என்று தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலும் சரி.

குளக்கட்டு (கிளிநொச்சி)

தாராளமாக வாருங்கள் தம்பி, ஆனால் பார்த்துக்கொண்டிருக்க விட மாட்டேன். சண்டை வரும்போது டிரிபேர்க்கின் ஆட்களுடைய முறைகளை நீங்கள் எடுத்து நடத்துங்கள். இலக்கு, அடி, மன உறுதி உருட்டல் எல்லாம் உங்கள் கையில். எனக்கு வட்டத்தையும் மற்ற ஐந்து பேரின் முகங்களையும் பார்க்க நேரம் கிடைக்கும், சுற்றும் நீளாது. எதிரிகளின் எண்களை ஒரு பக்கத்தில் எழுதி வெள்ளிக்கிழமைக்குள் உங்களுக்கு அனுப்பிவிடுகிறேன்.